தடம் மாறும்போது வழிவிடுவது யார்? சிமுலேஷனில் ஒத்துழைப்பை மாதிரியாக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நெடுஞ்சாலையில் ராம்ப் (அதோடு இணையும் கிளைச்சாலை) வந்து சேரும் இடத்தைச் சிமுலேஷனில் (போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரியில்) கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே காட்சியில் மாட்டிக்கொள்கிறார்கள். ராம்பிலிருந்து வரும் கார் தன் தடத்தின் கடைசி வரை போகிறது. இடைவெளி கிடைக்காமல் அங்கேயே நிற்கிறது. அதன் பின்னால் வரிசை வளர்கிறது. சில நிமிடம் கழித்து மென்பொருளே அந்தக் காரைத் தூக்கிவிடுகிறது. உண்மைச் சாலையில் அப்படி நடப்பதில்லை. யாரோ ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார் அல்லது பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்குகிறார். இந்த வழிவிடுதலை மாதிரிக்குள் கொண்டுவரப் பல வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பதுதான் இங்கே கேள்வி.

தேர்வதற்கு முன் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். ‘ஒத்துழைப்பு’ என்ற ஒரே பெயரில் மென்பொருள்கள் மூன்று வெவ்வேறு செயல்களைச் சொல்கின்றன. முதலாவது, பிரதான சாலையில் வரும் வண்டி தானே வேறு தடத்துக்கு ஒதுங்குவது. இரண்டாவது, அதே தடத்தில் இருந்தபடியே வேகம் குறைத்து இடம் விடுவது. மூன்றாவது, தடம் மாற நினைக்கும் வண்டி, தன்னால் மற்றவருக்கு எவ்வளவு தடை வரும் என்று கணக்குப் போட்டுத் தயங்குவது. முதல் இரண்டில் வழிவிடுகிறவர் சாலையில் ஏற்கெனவே இருப்பவர். மூன்றாவதில் புதிதாக வருகிறவர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அளவுருவை (மாதிரியின் நடத்தையை அமைக்கும் எண்ணை) திருகினால், கூட்ட நினைத்தது குறைந்துவிடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க ஓர் உண்மையான இடத்தை வைத்துக்கொள்வோம்: லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ். 101, ஹாலிவுட் ஃப்ரீவே. 2005 ஜூன் 15 அன்று காலை 7:50 முதல் 8:35 வரை, சுமார் 640 மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு வண்டியின் இடமும் 0.1 வினாடிக்கு ஒரு முறை பதிவானது. என்ஜிசிம் என்ற பெயரில் அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. ஐந்து பிரதானத் தடங்கள். வெஞ்சுரா பூல்வார்ட் ராம்ப் உள்ளே வருகிறது, கஹுயெங்கா பூல்வார்ட் ராம்ப் வெளியே போகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு துணைத்தடம். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் அந்தத் துணைத்தடத்தில் ஒருவரையொருவர் குறுக்கே கடக்க வேண்டும். வழிவிடுதல் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடாத இடம்.

முதல் வழி: சுமோவின் எல்சி2013

சுமோ, ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆய்வு மையம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. அதில் இயல்பாக வரும் தடம் மாற்ற மாதிரி எல்சி2013. ஒவ்வொரு தடம் மாற்றத்துக்கும் அது ஒரு காரணம் வைத்திருக்கிறது: வழித்தடத்துக்காக மாறுவது, பிறருக்கு வழிவிட மாறுவது, வேகத்துக்காக மாறுவது, ஓரத் தடத்துக்குத் திரும்புவது. முன்னுரிமையும் இதே வரிசைதான்.

வழிவிடுதலுக்கு இரண்டு திருகுகள் உண்டு. ‘எல்சி கோஆப்பரேட்டிவ்’ ஒதுங்கும் மனத்தைக் கட்டுப்படுத்துகிறது. ‘எல்சி கோஆப்பரேட்டிவ் ஸ்பீட்’ வேகம் குறைக்கும் மனத்தை. இரண்டும் 0 முதல் 1 வரை. முதலாவதன் இயல்பு மதிப்பு (நாம் எதுவும் கொடுக்காதபோது இருப்பது) 1. இரண்டாவதற்கு எதுவும் கொடுக்காவிட்டால் அது முதலாவதன் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பலர் விழும் குழி இதுதான். ‘இங்கே யாரும் ஒதுங்குவதில்லை’ என்று நினைத்து முதலாவதை 0.2 ஆக்கினால், வேகம் குறைப்பதும் கூடவே 0.2 ஆகிவிடும். ராம்ப் அடைத்துக்கொள்ளும். காரணம் தெரியாமல் நாள் போகும். ஆகவே இரண்டையும் எப்போதும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.

வேகம் குறைப்பது எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். ராம்ப் கார் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகிறது. பக்கத்துத் தடத்தில் 50 மீட்டர் பின்னால் ஒரு கார் 100 கி.மீ. வேகத்தில் வருகிறது. எதிர்வினை நேரம் 1 வினாடி, பிரேக் திறன் 4.5 மீ/வி² என்ற சுமோவின் இயல்பு மதிப்புகளில், பின்கார் 100-இல் இருக்கும்போது தேவைப்படும் பாதுகாப்பு இடைவெளி தோராயமாக 71 மீட்டர். இருப்பது 50. நுழைய முடியாது. பின்கார் வேகத்தைக் குறைக்காவிட்டால் ஆறு வினாடியில் பக்கத்தில் வந்துவிடும், வாய்ப்பு போயிற்று.

அதே பின்கார் 1.5 மீ/வி² என்ற மென்மையான பிரேக்கில் வேகத்தைக் குறைக்கட்டும். இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் தேவைப்படும் இடைவெளி அதைவிட வேகமாகச் சுருங்கும். சுமார் 4.6 வினாடியில் இரண்டும் ஏறக்குறைய 27 மீட்டரில் சந்திக்கின்றன. அப்போது ராம்ப் கார் நுழையலாம். அந்த 4.6 வினாடியில் அது ஓடிய தூரம் 89 மீட்டர்.

இந்த 89-ஐ நினைவில் வையுங்கள். சுமோவுக்குச் சாலை வலையமைப்பைக் கட்டித்தரும் நெட்கன்வர்ட் கருவி ராம்ப்பைத் தானாக ஊகித்துக் கட்டும்போது வேகமெடுக்கும் தடத்துக்குக் கொடுக்கும் இயல்பு நீளம் 100 மீட்டர். பின்கார் முதல் நொடியிலேயே வழிவிடத் தொடங்கினால்தான் காரியம் நடக்கும். இரண்டு வினாடி தாமதித்தாலும் தடம் முடிந்துவிடும். 250 மீட்டர் இருந்திருந்தால் கிட்டத்தட்ட 13 வினாடி கிடைத்திருக்கும். வழிவிடும் அளவுருவைத் தொடுவதற்கு முன் தடத்தின் நீளத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து திருத்துங்கள். ‘மாதிரி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது’ என்று சொல்லப்படும் சிக்கல்களில் நீளத் தவறாக முடிவது நிறைய.

இதே மாதிரியில் ‘எல்சி அசெர்ட்டிவ்’ என்று இன்னொன்று உண்டு. தேவைப்படும் இடைவெளியை அந்த எண்ணால் வகுத்துவிடும். 2 கொடுத்தால் 71 மீட்டர் 36 ஆகும். ராம்ப் உடனே ஓடத் தொடங்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பெயர் வழிவிடுதல் ஆகாது, முட்டித் தள்ளி நுழைவது. பின்கார் கடுமையாக பிரேக் பிடிக்கும். அந்தச் சுணக்கம் அலையாகப் பின்னால் போகும். பாதுகாப்பு அளவீடு, புகை வெளியீடு என்று எதைக் கணக்கிட்டாலும் விடை கெட்டுவிடும். ராம்ப் ஓடுவதற்காக மட்டும் இதைக் கூட்டாதீர்கள்.

யு.எஸ். 101 போன்ற இடத்தில் இன்னும் ஒன்று. எல்சி2013 ஐரோப்பிய வழக்கத்தில் பிறந்தது. வலது ஓரத்துக்குத் திரும்பும் தூண்டுதலான ‘எல்சி கீப்ரைட்’டின் இயல்பு மதிப்பு 1. வழிவிட இடது தடத்துக்கு ஒதுங்கிய வண்டி, அடுத்த சில வினாடியிலேயே வலப்பக்கம் திரும்ப முயலும். ராம்ப் கார்களோடு மறுபடி உரசும். லாஸ் ஏஞ்சலஸில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. எல்சி கீப்ரைட்டை 0 ஆக்கி, வலப்பக்கம் முந்துவதை அனுமதிக்கும் பொது விருப்பத்தையும் இயக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வழிவிடும் எண்களுக்கு ஏதாவது பொருள் இருக்கும்.

தடம் மாற்றம் இயல்பில் ஒரே நொடியில் முடிகிறது. வண்டி ஒரு தடத்திலிருந்து மறுதடத்துக்குத் தாவுகிறது. கொள்ளளவு மட்டும் போதுமென்றால் அப்படியே விடலாம். பின்வண்டியின் பிரேக்கை அளக்கிறீர்கள் என்றால், தடம் மாற்ற நேரத்தை 3 முதல் 5 வினாடி வரை கொடுத்து, கணக்கீட்டுப் படியையும் (எத்தனை வினாடிக்கு ஒரு முறை கணக்கிடுவது என்பதையும்) 1 வினாடியிலிருந்து 0.1-க்குக் குறையுங்கள்.

இரண்டாம் வழி: ஜிப்பர் சந்திப்பு

சுமோவிலேயே சந்திப்பின் வகையை ‘ஜிப்பர்’ என்று கொடுத்தால், இரண்டு தடங்கள் ஒன்றாகும் இடத்தில் வண்டிகள் ஒன்றுவிட்டு ஒன்று சேரும். தடம் மாற்ற மாதிரியே அந்தப் புள்ளியில் தேவையில்லை. இரண்டு தடங்களையும் ஒரே வெளித்தடத்துக்கு இணைத்தால் போதும். யாரும் கடைசியில் சிக்கி நிற்பதில்லை.

இது எங்கே பொருந்தும் என்பதை ஜெர்மன் சட்டம் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. தடம் முடிகிற இடத்தில், குறுகும் புள்ளிக்குச் சற்று முன்னால் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர வேண்டும் என்பது அங்கே போக்குவரத்து விதியின் 7-ஆம் பிரிவு. ஆனால் ஆட்டோபானில் நுழையும் வேகமெடுக்கும் தடத்துக்கு அது பொருந்தாது. அங்கே பிரதான சாலைக்கே முன்னுரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. அங்கே வழிவிடுவது ஓட்டுநரின் நல்லெண்ணம். ஆகவே சாலைப் பணிக்காகத் தடம் அடைக்கப்பட்ட இடத்துக்கு ஜிப்பர் சரியான கருவி. ராம்ப்புக்கு அதைப் போட்டால், பிரதான சாலையின் வலது தடத்தைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொடுத்துவிடுவீர்கள். ராம்ப் வரிசை மறையும், பிரதான சாலையில் பொய்யான நெரிசல் முளைக்கும். யு.எஸ். 101-இல் துணைத்தடம் முடிவது வெளியேறும் ராம்ப்பில் என்பதால் ஜிப்பருக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாம் வழி: விஸ்சிம்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருக்கும் பிடிவி நிறுவனத்தின் வணிக மென்பொருள். அலுவலகத்தில் ஏற்கெனவே உரிமம் இருந்தால், அல்லது சாலைத்துறை விஸ்சிம் கோப்பையே கேட்கிறது என்றால், வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஏனென்றால் முதல் இரண்டு செயல்களையும் அது தெளிவாகத் தனித்தனியே வைத்திருக்கிறது.

ஒதுங்குவதற்கு, ஓட்டும் நடத்தைப் பக்கத்தில் ‘கோஆப்பரேட்டிவ் லேன் சேஞ்ச்’ என்று ஒரு பெட்டி. டிக் செய்தால்தான் வேலை செய்யும். அதோடு இரண்டு எண்கள்: அதிகபட்ச வேக வேறுபாடு மணிக்கு 10.8 கி.மீ., அதிகபட்ச மோதல் நேரம் (இப்படியே போனால் முட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பது) 10 வினாடி. முன்னால் நுழைய நினைக்கும் வண்டி அந்த அளவுக்கு மேல் வேகமாகப் போனாலோ, மோதல் நேரம் 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ பின்வண்டி ஒதுங்காது. ஒதுங்கத் தேவையில்லை என்று கணக்கு. மேலே சொன்ன 50 மீட்டர் காட்சியில் மோதல் நேரம் 6 வினாடி, ஆகவே ஒதுங்க முயலும். ஆனால் ஒதுங்கிப் போகும் தடம் தன் பயணத்துக்கு உதவாது என்றால் செய்யாது. யு.எஸ். 101-இல் கஹுயெங்காவில் வெளியேற வேண்டியவர் இடப்பக்கம் ஒதுங்க மாட்டார். சரியான நடத்தைதான்.

வேகம் குறைப்பதற்கு, வழிவிடப் பிடிக்கும் பிரேக்கின் எல்லை −3 மீ/வி². உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் குறுக்கே கடக்கும் நெருக்கடியான பின்னல் பகுதிகளில் பலர் இதை இன்னும் கூட்டிவிடுகிறார்கள். கூட்டுவதற்கு முன் வேறொன்றைப் பாருங்கள்: சாலைத் துண்டுகளை இணைக்கும் இணைப்பியின் ‘லேன் சேஞ்ச்’ தூரம், அதாவது அதற்கு எவ்வளவு முன்பே வண்டி தடம் மாறத் தொடங்கும் என்பது. இயல்பு மதிப்பு 200 மீட்டர். ஐந்து தடச் சாலையில் இடக்கோடியில் வரும் கார், வெளியேறும் ராம்ப்புக்கு 200 மீட்டர் முன்புதான் விழித்துக்கொள்ளும். 100 கி.மீ. வேகத்தில் அது ஏழு வினாடி! அந்த ஏழு வினாடியில் ஐந்து தடம் தாண்ட எவ்வளவு ஒத்துழைப்பு கொடுத்தாலும் போதாது. தூரத்தைக் கூட்டுங்கள், தடத்துக்கு ஒன்றாகக் கணக்கிடும் விருப்பத்தை இயக்குங்கள்.

60 வினாடி நின்றால் விஸ்சிம் அந்த வண்டியை வலையமைப்பிலிருந்தே நீக்கிவிடும். பிழைக் கோப்பில் ஒரு வரி மட்டும் எழுதும். அந்தக் கோப்பைத் திறக்காமல் சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் மாதிரி பிரமாதமாக ஓடுவதாகத் தோன்றும். சுமோவிலும் இதே கதைதான்: இயல்பாக 300 வினாடி நின்ற வண்டி ‘டெலிபோர்ட்’ ஆகிவிடும், எச்சரிக்கையில் ‘தவறான தடம்’ என்ற காரணம் இருக்கும். அந்த எண்ணிக்கை சுழியத்துக்கு வரும்வரை வேறு எந்த முடிவையும் அறிக்கையில் எழுத வேண்டாம்.

நான்காம் வழி: மோபில்

2007-இல் கெஸ்டிங், ட்ரைபர், ஹெல்பிங் மூவரும் வெளியிட்ட மாதிரி. எழுத எளிது, தன் சொந்தச் சிமுலேட்டரை எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். மாறினால் எனக்குக் கிடைக்கும் முடுக்கம், அதோடு என் பழைய பின்வண்டிக்கும் புதிய பின்வண்டிக்கும் வரும் லாப நட்டத்தைப் பணிவெண் என்ற ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மொத்தம் ஒரு சிறு வரம்பைத் தாண்டினால் மாறலாம். பாதுகாப்புக்குத் தனி நிபந்தனை.

பணிவெண்ணின் பெயரைப் பார்த்து, அதைக் கூட்டினால் எல்லோரும் வழிவிடுவார்கள் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. பணிவெண் மூன்றாவது செயலைச் சேர்ந்தது. ராம்ப்பில் வரும் கார் பணிவு கூடக் கூட, ‘நான் நுழைந்தால் பின்னால் வருகிறவருக்குத் தொல்லை’ என்று தயங்கித் தடத்தின் கடைசியில் போய் நிற்கும். பிரதான சாலையில் வரும் காருக்கோ, ராம்ப் கார் இன்னும் பின்வண்டியும் ஆகவில்லை, முன்வண்டியும் ஆகவில்லை; சமன்பாட்டில் அது இல்லவே இல்லை. ஆகவே மோபிலை ராம்ப்புக்குப் பயன்படுத்தினால், கட்டாயத் தடம் மாற்றத்தின் பக்கம் முடிவைச் சாய்க்க ஒரு எண்ணும், பிரதான சாலைக்காரர் வேகம் குறைக்க ஒரு தனி விதியும் நீங்களே எழுத வேண்டும். வலுவூட்டல் கற்றல் (பரிசும் தண்டனையும் கொடுத்துக் கணினியைப் பழக்கும் முறை) ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் ஹைவே-என்வ் சிமுலேட்டர் மோபிலைத்தான் பயன்படுத்துகிறது. அதில் பணிவெண்ணின் இயல்பு மதிப்பு 0. ‘மனித ஓட்டுநர்களோடு ஒத்துழைக்கக் கற்ற தானியங்கிக் கார்’ என்று எழுதும் முன், அந்த மனிதர்கள் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் வழி: தடத்தைக் கூறுபோடும் எஸ்எல்2015

பக்கவாட்டுத் துல்லியத்தை, எடுத்துக்காட்டாக 0.8 மீட்டர் என்று கொடுத்தால், சுமோ 3.2 மீட்டர் தடத்தை நான்கு கூறுகளாக்கி எஸ்எல்2015 மாதிரிக்கு மாறும். வண்டி பாதித் தடம் நகரலாம். இரண்டு சக்கர வண்டிகள் ஒரே தடத்தில் அருகருகே போகலாம். யு.எஸ். 101-க்கு இது தேவையில்லாத சுமை, ஓடும் நேரம் வெகுவாகக் கூடும். சென்னை சாலைகளுக்கு வேறு வழியில்லை. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் எடுக்கப்பட்ட கலப்புப் போக்குவரத்துத் தரவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பைக்கும் ஆட்டோவும் பேருந்தும் தடக்கோட்டை வைத்து ஓடுவதில்லை. ஒருவர் அரை மீட்டர் நகர்ந்து கொடுப்பதே அங்கே வழிவிடுதல். அந்த அரை மீட்டரை எல்சி2013-ஆல் சொல்லவே முடியாது. தடம் மாற்ற நேரம் கொடுக்கும் விருப்பத்தையும் பக்கவாட்டுத் துல்லியத்தையும் ஒருசேரக் கொடுத்தால் சுமோ ஏற்காது, ஒன்றைத்தான் வைக்கலாம்.

ஆறாம் வழி: ட்ராசி மூலம் நீங்களே ஓட்டுவது

வண்டிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு வழிவிடுவதை ஆராய்கிறீர்களா? அப்படியானால் எந்த உள்மாதிரியையும் நம்ப வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் சுமோவை வெளியிலிருந்து நிரலால் இயக்கும் ட்ராசி இடைமுகத்தில் ‘ஓப்பன்கேப்’ என்ற கட்டளை உண்டு: எந்த வண்டி, எத்தனை வினாடி இடைவெளி, எவ்வளவு நேரம், அதிகபட்சம் எவ்வளவு பிரேக் என்று சொன்னால் அது இடம் விடும். எந்தெந்தத் தடம் மாற்றங்களை அனுமதிப்பது என்று குறிக்கும் தடம் மாற்ற முறையின் இயல்பு எண் 1621. அதிலிருந்து 4 கழித்து 1617 கொடுத்தால் உள்மாதிரியின் வழிவிடும் தடம் மாற்றம் மட்டும் அணையும், மற்றவை நடக்கும். இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் நெறிமுறை கொடுத்த பலன் எது, சுமோ தானாகச் செய்த உதவி எது என்று பிரிக்க முடியாது. வேகம் குறைக்கும் உதவி இதனால் அணையாது, அதற்கு எல்சி கோஆப்பரேட்டிவ் ஸ்பீடையும் 0 ஆக்குங்கள். பைதான் வழியே ஓட்டும்போது சுமோவை நிரலுக்குள்ளேயே ஏற்றும் லிப்சுமோ நூலகத்தைப் பயன்படுத்தினால், இரண்டு நிரல்களும் சாக்கெட் இணைப்பு வழியே பேசிக்கொள்ளும் தாமதம் மிச்சம்.

யு.எஸ். 101-க்கு எது, எந்த வரிசையில்

உரிமம் இருந்தால் விஸ்சிம், இல்லையென்றால் எல்சி2013. இரண்டிலும் வேலையின் வரிசை ஒன்றே.

தரவை மாற்றுவதில் இரண்டு கண்ணிகள். என்ஜிசிம் நீளங்கள் அடிக் கணக்கில் இருக்கும், மீட்டராக்க 0.3048-ஆல் பெருக்க வேண்டும். தடங்களை அது இடப்பக்கத்திலிருந்து 1 என்று எண்ணுகிறது. 6 துணைத்தடம், 7 உள்வரும் ராம்ப், 8 வெளியேறும் ராம்ப். சுமோ வலப்பக்கத்திலிருந்து 0 என்று எண்ணும். இதைத் தலைகீழாக வைத்தாலும் மாதிரி ஓடத்தான் செய்யும். எண்களும் ஏதோ வரும்.

அடுத்து வெளியேறும் எல்லை. அந்த 45 நிமிடத்தில் நின்று நகரும் அலைகள் 640 மீட்டருக்கு அப்பால், வண்டிகள் போகும் திசையில் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து உள்ளே வருகின்றன. சிமுலேஷனில் சாலையின் முடிவைத் திறந்துவிட்டால் வண்டிகள் பறந்துவிடும், நெரிசலே வராது. அப்போது நெரிசலை வரவழைக்க வழிவிடும் எண்ணைக் குறைக்கத் தோன்றும். அதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான தவறு. வேறு இடத்து நெரிசலை ஓட்டுநரின் மனத்தில் ஏற்றிவிடுகிறோம். கடைசிப் பகுதியில் ஒரு மாறும் வேகப் பலகை வைத்து, தரவில் இருக்கும் வேகத்தை 30 வினாடிக்கு ஒரு முறை கொடுங்கள்.

பிறகு முன்வண்டியைத் தொடரும் அளவுருக்கள், அதற்குப் பிறகு வழித்தடத் தூண்டுதல், கடைசியில்தான் வழிவிடும் இரண்டு எண்கள். எல்லா வண்டிக்கும் ஒரே எண் கொடுக்க வேண்டாம். எல்லோருக்கும் 1 என்றால் ஒரு ஊரே பண்பாளர்கள். கொள்ளளவு உண்மையைவிடக் கூடித் தெரியும். சுமோவின் வண்டிவகைப் பரவல் கருவி ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பை எடுத்துக்கொடுக்கும். பரவலின் சராசரியை 0, 0.25, 0.5, 0.75, 1 என ஐந்து படிகளில், இரண்டு எண்களுக்கும் ஓட்டினால் 25 கூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 10 தற்செயல் விதைகள் (ஓட்டத்துக்கு ஓட்டம் தற்செயலை மாற்றும் தொடக்க எண்கள்), மொத்தம் 250 ஓட்டம்.

எதோடு ஒப்பிடுவது? ராம்ப் ஓட்டம் மட்டும் போதாது, முட்டி நுழைந்தாலும் அந்த எண் சரியாக வரும். பீட்டர் ஹிடாஸ் 2005-இல் கொடுத்த வகைப்பாடு இங்கே கைகொடுக்கிறது. நுழையும் கணத்துக்கு ஐந்து வினாடி முன்பும் ஐந்து வினாடி பின்பும், முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளியை வரையுங்கள். முன்பே விரிந்து, நுழைந்தபின் குறைந்தால் அது வழிவிட்டது. முன்பு மாறாமலோ குறுகியோ இருந்து, நுழைந்தபின் விரிந்தால் அது முட்டி நுழைந்தது. எதுவுமே மாறாவிட்டால் தாராளமாகக் கிடைத்த இடம். தரவிலும் சிமுலேஷனிலும் இந்த மூன்றின் பங்கையும், துணைத்தடத்தில் நுழைந்த இடத்தின் பரவலையும் ஒப்பிடுங்கள். சுமோவின் தடம் மாற்ற வெளியீட்டில் காரணம், பின்வண்டி இடைவெளி, தேவைப்பட்ட இடைவெளி எல்லாம் வரிவரியாகக் கிடைக்கும். ஆனால் அங்கே ‘வழிவிடல்’ என்று காரணம் போட்டிருப்பது ஒதுங்கிய வண்டிக்கு மட்டும். வேகம் குறைத்து இடம் விட்டவர் அந்தக் கோப்பில் வரமாட்டார், அவரை வண்டிப் பாதைப் பதிவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

7:50 முதல் 8:05 வரையிலான முதல் பகுதியில் எண்களைப் பொருத்தி, 8:20 முதல் 8:35 வரையிலான கடைசிப் பகுதியில் சோதியுங்கள். முதல் பகுதியில் பொருந்தி, நெரிசல் முற்றிய கடைசிப் பகுதியில் முட்டி நுழைவதன் பங்கு தரவைவிடக் குறைவாக வந்தால், வழிவிடும் எண்களை மறுபடி தொடாதீர்கள். எல்சி அசெர்ட்டிவை 1-க்கு மேல் மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.